கூடுதலாய் ஒரு ‘னி’

“சார், நீங்களே பாருங்க. இந்த மாவைத் தின்னாதடா, கிட்னி போயிடும்னு தலபாடா அடிச்சுக்கறேன். கேக்க மாட்றான். இப்ப ரிப்போர்ட்டுலயே வந்துட்டுது.”

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டு முன்னறை. குழித்தறியில் பாதி நெய்த சேலை. அரக்கு உடல், பச்சை பார்டர். தறிக்கு அருகே ஸ்டூலில் ரத்தப் பரிசோதனைத் தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: சீரம் கிரியாட்டினின் 1.4. பக்கத்திலேயே இயல்பு அளவு, 0.7 முதல் 1.3 வரை. மகனுக்கு 22 வயது. காலையில் கல்லூரி, மாலையில் ஜிம். எட்டு மாதமாக தினமும் ஒரு கரண்டி வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறான்.

“அது வேற, இது வேறம்மா. நான் சாப்புடறது கிரியாட்டின்.”

“அதான்டா நானும் சொல்றேன். நீ சாப்புடறதுதான் இங்க எழுதிக்கீது.”

டப்பாவில் இருப்பது கிரியாட்டின். ரத்தத்தில் அளந்தது கிரியாட்டினின். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘னி’. சிறுநீரகம் பழுதானவர்களின் தாளில் உயர்ந்து நிற்கும் பெயரும் இந்த இரண்டாவதுதான். ஆரணியிலிருந்து வேலூருக்குப் போகும் பேருந்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர்களை அந்த அம்மா பார்த்திருக்கிறார். தெருவிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். பிள்ளை தின்னும் பொருளின் பெயரும் அந்த நோயாளியின் தாளில் உள்ள பெயரும் ஒன்றுபோலக் காதில் விழும்போது எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலைத்தான் இந்த அத்தியாயத்தில் முழுதாக எழுதுகிறேன்.

*

கிரியாட்டின் உடம்பில் என்ன வேலை பார்க்கிறது என்பதை அந்தத் தறியை வைத்தே சொல்லிவிடலாம்.

நாடாவுக்குள் ஒரு தார் இருக்கிறது. ஊடை நூல் சுற்றிய சின்னக் குழல். கயிற்றைச் சுண்டும்போதெல்லாம் நாடா பாவுக்கு நடுவே ஓடுகிறது, தாரிலிருந்து நூல் பிரிந்து விழுகிறது. தார் தீர்ந்தால் நெசவு நிற்கும். அதனால் கையெட்டும் தூரத்தில் ஒரு கூடை, அதில் முன்கூட்டியே சுற்றி வைத்த தார்கள். வெறும் குழலை எடுத்துப் போட்டுவிட்டு நிறைந்த தாரைச் செருக இரண்டு விநாடி போதும். அறையின் மூலையில் பாட்டி ராட்டை சுழற்றிக்கொண்டிருக்கிறார். கூடை காலியாகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

தசைக்குள்ளும் இதே ஏற்பாடுதான். நாடாவில் இருக்கும் தார், ஏடிபி என்னும் மூலக்கூறு. தசை சுருங்க வேண்டுமானால் ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழக்க வேண்டும். அந்த இழப்பிலிருந்துதான் விசை பிறக்கிறது. முழு வேகத்தில் ஓடினால், கையிருப்பில் உள்ள ஏடிபி இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். உடனே கைகொடுப்பது பக்கத்துக் கூடை. அந்தக் கூடையில் இருப்பது பாஸ்போகிரியாட்டின், அதாவது பாஸ்பேட்டைச் சுமந்து நிற்கும் கிரியாட்டின். தன் பாஸ்பேட்டைக் கொடுத்து, வெறுமையான ஏடிபியை நொடியில் நிரப்பிவிடுகிறது. இந்தக் கூடையும் முழுவேகத்தில் பத்து விநாடிக்குள் காலியாகிவிடும். அதற்கப்புறம் ராட்டைதான்: சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து மெதுவாக, ஆனால் ஓயாமல் ஏடிபி செய்துகொண்டே இருக்கும் வேலை.

பொடியாகச் சாப்பிடும் கிரியாட்டின் கூடையைப் பெரிதாக்குகிறது. அவ்வளவுதான். ஐந்து தார் இருந்த இடத்தில் ஆறோ ஏழோ இருக்கும். ராட்டையின் வேகம் கூடாது. அதனால்தான் எடை தூக்குகிறவருக்கும் நூறு மீட்டர் ஓடுகிறவருக்கும் இது உதவுகிறது. கடைசி இரண்டு தூக்கல்கள் கூடுதலாக முடிகின்றன. அந்தக் கூடுதல் பயிற்சியில் தசை வளர்கிறது. விட்டு விட்டு, மெதுவாக, காலையிலிருந்து சாயங்காலம் வரை மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருக்கும் நெசவாளருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அவர் உழைப்பு ராட்டையின் உழைப்பு. “அப்ப இத எனக்கும் குடுத்தா தறி வேகமா ஓடுமா?” என்று அந்த வீட்டு அப்பா கேட்டதற்கு இதைத்தான் சொன்னேன்.

*

இந்தப் பொருளை முதலில் பிரித்தெடுத்தவர் ஒரு சாயக்காரர் என்பது ஆரணிக்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி.

பாரிசில் கோபெலின் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடம் இருந்தது. அரண்மனைச் சுவர்களில் தொங்கவிடும் சித்திரத் துணிகள் அங்கே நெய்யப்பட்டன. மிஷேல் யூஜின் ஷெவ்ரோல் என்ற வேதியியலர் 1824 முதல் அதன் சாயப்பட்டறைக்குத் தலைவர். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று நெசவாளர்கள் குறைசொன்னார்கள். அவர் ஆராய்ந்தார். சாயத்தில் குற்றமில்லை; பக்கத்தில் வரும் நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டார். இன்றைக்கு ஆரணிக் கடைகளில் ‘கான்ட்ராஸ்ட் பார்டர்’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்த நிற முரணின் விதியை 1839இல் நூலாக எழுதியவர் அவர்தான். அதே மனிதர் 1832இல் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்தெடுத்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிரியாட்டின் என்று பெயரிட்டார். 102 வயது வரை வாழ்ந்தார் ஷெவ்ரோல்.

‘னி’யைச் சேர்த்தவர் ஜெர்மானியர் யூஸ்டஸ் லீபிக். கிரியாட்டினை அமிலத்தில் இட்டுக் காய்ச்சினால் ஒரு நீர் மூலக்கூறு கழன்று வேறொரு பொருளாக மாறுகிறது. 1847இல் அதற்குக் கிரியாட்டினின் என்று பெயர் வைத்தார். பெற்றவர் பெயரையே பிள்ளைக்கும் வைத்ததுபோல. நூற்றெழுபது ஆண்டுக்கும் மேல் கழித்து ஒரு நெசவு வீட்டில் அம்மாவும் மகனும் அதனால் சண்டை போடுவார்கள் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். வேட்டையில் ஓடி ஓடிக் கொல்லப்பட்ட நரியின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு கிரியாட்டின் இருப்பதாகவும் லீபிக் எழுதினார். உழைப்புக்கும் இந்தப் பொருளுக்கும் உறவுண்டு என்ற எண்ணம் அங்கேதான் முளைவிட்டது.

அந்த உறவு என்ன என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னதைக் கேட்டு அறுவைச் சிகிச்சை அங்கியைக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டமான எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. கையால் நெய்த துணிக்காக ஒரு மருத்துவ மாணவன் கொடுத்த விலை அது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்சகாலம் உடற்கூறு கற்பித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டனில் மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, திரவத்தில் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்தே அளக்கும் முறையை உருவாக்கினார். மாலிப்டினம் உப்பைச் சேர்த்தால் நீலம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1925இல் வெளிவந்த இந்த முறையை உயிர்வேதியியல் படித்தவர்களில் பலர் ஒரு தடவையாவது செய்து பார்த்திருப்பார்கள். இதைப் பூனையின் தசைச் சாற்றில் செய்தபோது ஒரு விசித்திரம். நீலம் உடனே முழுதாக வரவில்லை. சற்று நேரம் போகப் போக அடர்ந்துகொண்டே போனது. வேறொருவராக இருந்தால் கையில் பிழை என்று திரும்பச் செய்திருப்பார். இவர்கள் அந்தத் தாமதத்தையே துருவினார்கள். ஏதோ ஒன்று பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, அமிலம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 1927இல் அது என்ன என்று சொன்னார்கள்: பாஸ்போகிரியாட்டின். நம் தார்க்கூடை. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் தனியாக இதை நெருங்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஏடிபியையும் தசையிலிருந்து பிரித்தார்கள். பின்னாளில் யானைக்கால் நோய்க்கு இன்றும் ஊர் ஊராகக் கொடுக்கப்படும் மாத்திரை உருவானதும் சுப்பாராவ் வழிநடத்திய ஆய்வகத்தில்தான். 1948இல், 53 வயதில் இறந்தார். ஜிம்முக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பொடி டப்பாவின் மேலுள்ள மல்லனின் படம் தெரியும். இவர் முகம் தெரியாது. எனக்கு அது வருத்தம்தான்.

*

“இது அசைவமா?” இது பாட்டியின் கேள்வி.

கிரியாட்டின் நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள். மூன்று அமினோ அமிலங்களிலிருந்து செய்கிறது: கிளைசின், ஆர்ஜினின், மெத்தியோனின். முதல் கட்டம் பெரும்பாலும் சிறுநீரகத்தில், அடுத்தது கல்லீரலில். இந்தக் கிளைசின் ஆரணிக்கு அயலானதல்ல. பட்டு நூலின் உள்ளிழையான ஃபைப்ராயினில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு வரை கிளைசின்தான். அது மிகச் சிறிய அமிலம். சிறியதாக இருப்பதால் பட்டு இழைக்குள் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாகப் படிகின்றன. பட்டின் உறுதி அங்கிருந்து வருகிறது. தறியில் ஓடும் நூலிலும் தறியை ஓட்டும் தசையிலும் அதே அமிலம்.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 120 கிராம் கிரியாட்டின் இருக்கும், நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பங்கு தசையில். தினமும் அதில் 2 கிராம் அளவுக்குத் தானாகவே கிரியாட்டினினாக மாறிச் சிறுநீரில் போய்விடுகிறது. அந்த இழப்பில் பாதியை உடம்பு செய்துகொள்ளும். கறியும் மீனும் உண்பவருக்கு மீதிப் பாதி உணவிலிருந்து வரும். ஒரு கிலோ பச்சைக் கறியில் 4, 5 கிராம் இருந்தால் அதிகம். பாலில் மிகமிகக் குறைவு, காய்கறியில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே சைவ உணவுக்காரரின் தசைக் கூடையில் தார்கள் சற்றுக் குறைவாகவே இருக்கும். பொடி எடுத்தால் அவர்களுக்குத்தான் ஏற்றம் அதிகமாகத் தெரிகிறது. கடையில் விற்கும் பொடியோ இறைச்சியிலிருந்து எடுப்பதல்ல. சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு ரசாயனங்களை வினைபுரிய வைத்துத் தொழிற்சாலையில் செய்வது. பாட்டிக்கு அது நிம்மதி.

*

இனி அந்த 1.4க்கு வருவோம்.

ரத்தத்தில் கிரியாட்டினினை அளக்கும் முறையும் ஒரு நிறக் கதை. 1771இல் பீட்டர் வுல்ஃப் என்பவர் அவுரி நீலத்தை நைட்ரிக் அமிலத்தில் இட்டார். நீலம் போய் மஞ்சள் வந்தது. அந்த மஞ்சளில் பட்டைத் தோய்த்தால் பளிச்சென்று பிடித்தது. பின்னாளில் பிக்ரிக் அமிலம் என்று பெயர் பெற்ற இதை 1840களில் பிரான்சின் பட்டு நகரமான லியோனில் சாயமாகவே பயன்படுத்தினார்கள். சலவைக்கு நிறம் நிற்கவில்லை, அதனால் வேறு சாயங்கள் வந்ததும் கைவிட்டார்கள். 1886இல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மன் உயிர்வேதியியலர் காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் மஞ்சள், செம்மஞ்சளாக மாறும் என்று கண்டார். அதை அளவெடுக்கும் முறையாக மாற்றியவர் ஓட்டோ ஃபோலின். சுப்பாராவ் ஹார்வர்டில் சேர்ந்த துறைக்குத் தலைவராக இருந்தவர் அவரே. இன்றும் ஊர்ப்புற ஆய்வகங்கள் பலவற்றில் நம் ரத்தத்தில் சேர்க்கப்படுவது அந்தப் பழைய பட்டுச் சாயம்தான். மஞ்சள் எவ்வளவு சிவக்கிறதோ அது அச்சாகிறது, 0.9 என்றோ 1.4 என்றோ.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனை சிறுநீரகத்தைப் பார்க்கவில்லை. ரத்தத்தில் தேங்கியிருக்கும் கழிவைப் பார்க்கிறது. தேக்கம் இரண்டு வழியில் கூடலாம். வடிகால் அடைத்தாலும் கூடும். வரத்து அதிகமானாலும் கூடும். சிறுநீரகம் வடிகட்டுவதில் தளர்ந்தால் கிரியாட்டினின் ஏறும், உண்மை. ஆனால் தசை பெருத்தவருக்கு வரத்தே அதிகம். கிரியாட்டின் பொடி எடுப்பவருக்குத் தசைக்குள் இருப்பு கூடுவதால் வரத்து இன்னும் கொஞ்சம் கூடும். பரிசோதனைக்கு முந்தைய வேளையில் பிரியாணி சாப்பிட்டிருந்தாலும் சில மணி நேரம் ஏறித்தான் இருக்கும். கறியை வேகவைக்கும்போது அதிலுள்ள கிரியாட்டினில் ஒரு பகுதி அடுப்பிலேயே கிரியாட்டினினாகிவிடுகிறது.

அந்த வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிரியாட்டினின், வயது, பாலினம் மூன்றையும் வைத்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிட மருத்துவர்கள் 2021ஆம் ஆண்டுச் சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 22 வயதுப் பேரனுக்கு 1.4 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 73 மில்லி லிட்டர் என்று வருகிறது. 70 வயதுப் பாட்டிக்கு போன வருஷத் தாளில் 0.9 இருந்தது, இயல்பு என்று அச்சாகியிருந்தது. அதே சூத்திரத்தில் அவருக்குச் சுமார் 69. தடித்த எழுத்து பேரனுக்கு, பாட்டிக்கு ஒன்றுமில்லை. சூத்திரம் இன்னொன்றையும் அறியாது: பேரன் தோளும் மார்புமாகத் திரண்டிருக்கிறான், பாட்டி எலும்பும் தோலுமாக இருக்கிறார். சதை வற்றியவருக்கு வரத்து குறைவு, 0.9 என்பதே அவருக்கு ஏற்றமாக இருக்கலாம். பேரனுக்கு 73 என்பது உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும் எண். சிறுநீரகத்தின் திறன் பாதியளவு போகும் வரைக்கும் கிரியாட்டினின் இயல்பு எல்லைக்குள்ளேயே நிற்பது உண்டு. அந்தத் தடித்த எழுத்தை நம்பிப் பயப்படுவதும் தப்பு, அது இல்லையென்று நம்பி நிம்மதியடைவதும் தப்பு.

சந்தேகம் தீர வழியிருக்கிறது. சிஸ்டாட்டின் சி என்று ஒரு புரதம். உடம்பின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் சுரப்பது, தசையின் அளவையோ கிரியாட்டின் பொடியையோ பெரிதாகப் பொருட்படுத்தாதது. அதை ரத்தத்தில் அளக்கலாம். இன்னும் எளியது, சிறுநீரில் ஆல்புமின் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. வடிகட்டி கிழிந்திருந்தால் புரதம் வெளியே வரும். வரத்து அதிகமானதால் மட்டும் வராது. பரிசோதனைக்குப் போகும்போது “நான் கிரியாட்டின் எடுக்கிறேன்” என்று மருத்துவரிடம் சொல்வதுதான் முக்கியம். இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போனால் போதும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். தசையில் சேர்ந்தது வடிய 4 முதல் 6 வாரம் ஆகும்.

*

இந்தப் பயம் எங்கிருந்து பரவியது? 1992இல் ரோஜர் ஹாரிஸ், எரிக் ஹுல்ட்மன் குழுவினர், நாளைக்கு 20 கிராம் அளவில் சில நாள் கொடுத்தால் மனிதத் தசையில் கிரியாட்டின் கூடுகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் வென்ற பிரிட்டிஷ் ஓட்ட வீரர்கள் இதை எடுத்ததாகப் பத்திரிகைகள் எழுத, பொடி உலகெங்கும் விற்பனைக்கு வந்தது. 1997 கடைசியில் அமெரிக்காவில் சுமார் ஒரு மாத இடைவெளியில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இறந்தார்கள். பழி கிரியாட்டின் மேல் விழுந்தது. அரசு நோய்த்தடுப்பு மையம் விசாரித்தது. எடைப்பிரிவுக்குள் நுழைவதற்காக மூவரும் காற்றுப்புகாத உடையை மாட்டிக்கொண்டு, வெப்பமான அறையில், தண்ணீர் குடிக்காமல் பயிற்சி செய்து உடம்பிலிருந்த நீரை வற்றவிட்டிருந்தார்கள். கொன்றது அந்த வற்றல்.

1998இல் இங்கிலாந்திலிருந்து லான்செட் இதழில் ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வந்தது. 25 வயது இளைஞர். எட்டு ஆண்டாகச் சிறுநீரக நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர். கிரியாட்டின் எடுத்தபோது அவர் பரிசோதனை எண்கள் மோசமாயின, நிறுத்தியதும் மீண்டன. ஏற்கெனவே நோயுள்ள ஒருவரைப் பற்றிய அந்தக் குறிப்பு, பத்திரிகை வழியாக ‘கிரியாட்டின் கிட்னியைக் கெடுக்கும்’ என்ற ஊர்ப்பேச்சாக மாறியது. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களிடம் அதற்குப் பிறகு செய்த ஆய்வுகளில் அந்தக் கேடு தென்படவில்லை. பெல்ஜியத்தில் ழாக் பூர்ட்மன்ஸ், ஆண்டுக்கணக்கில் எடுத்த விளையாட்டு வீரர்களைப் பார்த்தார். பிரேசிலில் புருனோ குவாலானோ குழுவினர் கிரியாட்டினினை நம்பாமல் வேறு அளவைகளைக் கொண்டு, சர்க்கரை நோயாளிகளிடம்கூடச் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்க்கின்சன் நோயாளிகள் 1741 பேரிடம், பாதிப் பேருக்குத் தினமும் 10 கிராம் வீதம் ஆண்டுக்கணக்கில் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2013இல் அதை நிறுத்தினார்கள். நோய்க்குப் பயனில்லை என்றுதான் நிறுத்தினார்கள், ஆபத்து என்று அல்ல.

ஆகவே என் தீர்ப்பு இது: நலமான சிறுநீரகம் உள்ள, வளர்ந்த ஒருவர் நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பதால் சிறுநீரகம் கெடும் என்பதற்கு ஆதாரமில்லை. உள்ள பக்கவிளைவுகள் வேறு. முதல் வாரங்களில் ஒன்று, இரண்டு கிலோ எடை கூடும். அது தசைக்குள் கிரியாட்டினோடு சேர்ந்து போகும் தண்ணீர். ஒரே வேளையில் 10 கிராம் விழுங்கினால் வயிற்றுப்போக்கு வரலாம். குளிர்ந்த தண்ணீரில் இது முழுதாகக் கரையாது, டம்ளரின் அடியில் மணலாகத் தங்கும். வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரையும். எலுமிச்சைச் சாற்றில் கலக்கி நாள்கணக்கில் வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே அந்த ‘னி’ ஏறிவிடும். ஆரம்பத்தில் ஒரு வாரம் 20 கிராம் எடுக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது அவசியமே இல்லை. தினம் 3 கிராம் எடுத்தாலும் நாலு வாரத்தில் தசை அதே நிலைக்கு வந்துவிடுகிறது என்று ஹுல்ட்மன் 1996இலேயே காட்டிவிட்டார்.

முடி கொட்டும் என்ற பேச்சு 2009இல் தென்னாப்பிரிக்காவில் இருபது ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. டிஎச்டி என்ற ஹார்மோன் கூடியதாகக் கண்டார்கள். முடியை அவர்கள் எண்ணவில்லை. 2025இல் முடியையே அளந்து பார்த்த ஓர் ஆய்வில், 12 வாரத்தில் வித்தியாசம் இல்லை.

என்னைக் கவலைப்படுத்துவது டப்பாவுக்குள் கிரியாட்டின் மட்டும்தான் இருக்கிறதா என்பது. தயாரிப்பு சரியில்லாவிட்டால் டைசயன்டயமைடு போன்ற எச்சங்களும் கன உலோகங்களும் பொடியில் தங்கலாம். 2024இல் கேரள மருத்துவர்கள் குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் எழுதிய புரத அளவு பொய். 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம். அவை புரதப் பொடிகள். ஆனால் கிரியாட்டினும் அதே அலமாரியில், அதே கைகள் வழியாக வருகிறது. பெரிய டப்பாவை உடைத்துப் பிளாஸ்டிக் பையில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பையன் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. சரிகையை உரைத்துப் பார்க்காமல் வாங்காத ஊர் ஆரணி. வாய்க்குள் போகும் பொருளுக்கு முத்திரை உடையாத டப்பா, உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிம எண், தொகுதி எண் இவ்வளவுமாவது கேட்க வேண்டாமா?

தாமாக எடுக்கக் கூடாதவர்கள் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்பேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் நம் வீடுகளில் கண்டறியப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடப்பதால், பொடியைத் திறப்பதற்கு முன்பே ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு 1.4 வந்தால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். சித்திரை வைகாசியில் 40 டிகிரி வெயிலில் ஜிம்முக்குப் போகிறவர்கள் தண்ணீரைக் குறைக்கக் கூடாது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா தறியோர மாடத்திலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். டைக்ளோபினாக்.

“எதுக்கும்மா?”

“இடுப்பு வலி சார். குழில ஒக்காந்து மிதிக்கறோம்ல. மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க.”

“எத்தனை நாளா?”

“தெனம் ரெண்டு. நாலு வருசமிருக்கும். இது போட்டாத்தான் தறில ஒக்கார முடியும்.”

சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வாசலைத் திறந்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். வலியை உண்டாக்குவதிலும் அதே குடும்பத்துக்குப் பங்குண்டு. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் இரண்டையும் சேர்த்தே அடக்குகின்றன. வலி போகும், வாசலும் குறுகும். எப்போதாவது ஒன்று என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு தினமும் விழுங்கினால், அதிலும் ரத்த அழுத்தம் இருந்தால், வடிகட்டி மெல்ல மெல்லக் காயும். அடிக்கடி குழியிலிருந்து ஏறி இறங்க வேண்டுமே என்று பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்களை நான் தறி வீடுகளில் கண்டிருக்கிறேன். இந்த அம்மாவும் அவர்களில் ஒருவர். கிரியாட்டினைப் பற்றி இருபத்தைந்து ஆண்டாக உலகம் தேடியும் கிடைக்காத ஆதாரம், இந்த மாத்திரைகளைப் பற்றி எந்த மருத்துவப் பாடநூலைத் திறந்தாலும் இருக்கிறது.

அடுத்த வாரம் அம்மாவும் மகனும் ஒன்றாகப் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தார்கள். மகனுடைய சிஸ்டாட்டின் சி இயல்பு, சிறுநீரில் புரதம் இல்லை. அம்மாவுக்குக் கிரியாட்டினின் 1.1. ரத்த அழுத்தம் 160க்கு 100. சிறுநீரில் புரதம் கசிந்திருந்தது. மருத்துவர் அந்த மாத்திரை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அழுத்தத்துக்கு வேறு மருந்து எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இடுப்புக்கு என்ன பயிற்சி என்று காட்ட ஒருவரிடம் அனுப்பினார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். “தறில அரைச் சேலை நிக்குதுங்க. எப்ப ஒக்காரலாம்?”